நஸீபின் மேல் பழி

கோவை ஒப்பணக்கார வீதியிலும் திருப்பூர் காதர்பேட்டையிலும் வணிகர் நாவில் அடிக்கடி கேட்கும் சொல் ஒன்றுண்டு: "நஸீபு இல்லை." நம்மிடம் ஓதிய இளைஞர் ஒருவர் மாவரைக்கும் கிரைண்டர் விற்கும் பிரதிநிதியாக உள்ளார். மூன்று மாதங்களாகக் குறித்த அளவு விற்க இயலாத நிலையில் வந்து, "எல்லாம் நஸீபு, ஹஜ்ரத்" என்றார். ஸப்ரு செய்யுமாறு கூறி அனுப்பினோம். அவர் சென்ற பின்னரே, நம் விடை அரைகுறையானது என்று உள்ளம் உறுத்திற்று.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் தானியக் குவியலொன்றினுள் கரத்தை நுழைத்தபோது விரல்களில் ஈரம் பட்டது. காரணம் வினவ, மழையில் நனைந்துவிட்டதென வணிகர் விடையிறுத்தார். மழைக்காக நாயகம் அவர்கள் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என எச்சரித்தார்கள். இச்செய்தி முஸ்லிம் கிரந்தத்தில் உள்ளது.

மழை இறைவனின் நாட்டம். ஈரத்தை அடியில் மறைத்தது மனிதனின் செயல். மனிதனுக்குரிய இப்பங்கையே அகீதா நூல்கள் 'கஸ்பு' என்று அழைக்கின்றன. வணிகத்தில் ஈட்டுவதற்கும் அரபியில் இதே சொல் வழங்குவது சிந்திக்கத் தக்கது.

2025 ஆகஸ்டு 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் பலவற்றின் மீது 50 விழுக்காடு வரி விதித்தபோது, பின்னலாடை ஏற்றுமதியை நம்பிய திருப்பூர் கலங்கிற்று. அது மழை, அதற்கு எந்த விற்பனையாளரும் பொறுப்பல்லர். ஆயின் நட்டத்தை ஈடுகட்டத் துணியின் எடையைக் குறைத்து, பழைய தரமென்றே ஒருவர் விற்பாராயின், அது மழையன்று.

கொங்கு நாட்டு ராவுத்தர் குடும்பங்கள் பின்பற்றும் மத்ஹபின் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் கூஃபா நகரின் துணி வணிகர். குறையுள்ள துணியொன்றைக் குறையைச் சொல்லி விற்கும்படி கூட்டாளியிடம் ஒப்படைத்தார்கள். அவரோ மறந்து, சொல்லாமல் விற்றுவிட்டார். வாங்கியவர் இன்னாரென்றும் தெரியவில்லை. இமாமவர்கள் அவ்விலை முழுவதையும் ஸதகாவாக வழங்கியதாக வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். மறதி பிறருடையது, பொறுப்பை ஏற்றவர் இமாம்.

நாமோ விற்றால் "என் திறமை" என்கின்றோம். விற்காவிடில் "நஸீபு" என்கின்றோம். தன் அறிவாலேயே செல்வம் வந்ததெனச் செருக்கிய காரூனின் முடிவைத் திருமறை நமக்கு உணர்த்தியுள்ளது. இலாபத்தில் இறைவனை மறந்து, நட்டத்தில் மட்டும் அவனைச் சாட்சிக்கு அழைப்பது ஈமானின் அழகன்று. முழு ஊதியம் பெற்று அரைவேலை செய்வதும் அளவில் மோசடியே. 'அல்முதஃப்பிஃபீன்' அத்தியாயத்தின் எச்சரிக்கை தராசு பிடிப்போருக்கு மட்டுமானதன்று.

அவ்விளைஞரை மீண்டும் அழைத்தோம். "தம்பி, நாள்தோறும் எத்தனை கடைப்படி ஏறினீர்கள்? இல்லாத சிறப்பு எதையேனும் சொல்லி விற்றீர்களா? பழுதென்று அழைத்த வீடுகளுக்குத் திரும்பிச் சென்றீர்களா?" என்று கேட்டோம். நெடுநேரம் மௌனமாயிருந்தவர், "செல்லாத வீடுகள் மூன்று உண்டு, ஹஜ்ரத்" என்றார்.

"நாளை முதலில் அம்மூன்று வீடுகளுக்கும் செல்லுங்கள்" என்றோம்.

"சென்றால் விற்பனை கூடுமா?"

"அது மழையைப் போன்றது, அல்லாஹ்வின் அதிகாரத்தில் உள்ளது. எவ்வளவு விற்றீர்கள் என்று உங்கள் முதலாளி கேட்பார். எவ்வழியில் ஈட்டினீர்கள் என்று மறுமையில் கேட்கப்படும். அம்மூன்று வீடுகளும் இரண்டாம் கேள்விக்குரியவை" என்றோம்.

முதன்முறை வந்தபோதே இதனை நாம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது நம் நஸீபன்று, நம் குறையே.