பிறர் செய்யும் தியாகம்

தர்ம ஸ்தாபனம் ஒன்றில் வேலை பார்க்கிறவர் தமக்குச் சம்பளம் போதவில்லை என்று சொன்னால், நம்மில் பலருக்கு மனத்துக்குள் ஏதோ நெருடுகிறது. மில் தொழிலாளி சொன்னால் நெருடுவதில்லை. பாங்கு குமாஸ்தா சொன்னாலும் நெருடுவதில்லை. அநாதைக் குழந்தைகள் இல்லத்து ஆயாவோ, பார்வையற்றோர் பள்ளி ஆசிரியரோ, முதியோர் இல்லத்துச் சமையற்காரரோ சொன்னால் மட்டும், 'இவர்களுமா?' என்று தோன்றிவிடுகிறது. சந்நிதிக்குள் யாரோ செருப்புக் காலோடு வந்துவிட்டாற் போன்ற ஓர் அசௌகரியம். இந்த நெருடல் நியாயமானதுதானா என்று சற்று யோசித்துப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

தொண்டு, ஊழியம் என்ற இரண்டு சொற்களையும் நாம் ஏறக்குறைய ஒரே பொருளில், ஒரே மரியாதையோடு சொல்லி வருகிறோம். ஆனால் ஊழியம் என்ற சொல்லுக்குக் கசப்பான பழங்கதை ஒன்று உண்டு. பழைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் ஊழியம் என்றால் கூலியில்லாத கட்டாய வேலை. தாழ்த்தி வைக்கப்பட்ட ஜாதியார் சர்க்காருக்கும் கோயிலுக்கும் செய்தே தீர வேண்டிய வேலை. கோயில் காரியம் என்ற புனிதப் பெயர் இருந்ததனால் சுமை சுமந்தவனுடைய முதுகு வலிக்காமல் இருந்துவிடவில்லை. சொல்லின் பழைய பொருள் நமக்கு மறந்து போயிற்று. அந்தப் பழக்கமும் அதோடு மறந்து போயிற்றா என்பதுதான் என் சந்தேகம்.

இதே சொல்லைத் தன் பெயரிலேயே தாங்கிய மேலான ஸ்தாபனம் ஒன்றும் நம் நாட்டில் உண்டு. கோபால கிருஷ்ண கோகலே 1905-இல் புனாவில் தொடங்கிய இந்திய ஊழியர் சங்கம் அது. அதில் சேர்கிறவர்கள் ஏழு விரதங்கள் ஏற்க வேண்டும். தனக்கென்று பணம் சம்பாதிக்க முயலக் கூடாது, சங்கம் கொடுப்பதைக் கொண்டு திருப்தியடைய வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியராக இருந்த வி. எஸ். ஸ்ரீநிவாச சாஸ்திரியார் அந்த வேலையை விட்டுவிட்டு 1907-இல் அதில் சேர்ந்தார். அவரைப் பார்த்து, 'ஐயோ, இவ்வளவு குறைந்த பணத்தில் வாழ்கிறாரே' என்று பரிதாபப்பட நமக்கு உரிமையில்லை. நன்றாகத் தெரிந்து, கண்ணைத் திறந்துகொண்டு எடுத்த விரதம் அது. வேறு வழியும் அவருக்குத் திறந்தே இருந்தது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்த விரதத்தில் அங்கத்தினருடைய குடும்பமும் சேர்த்தே சொல்லப்பட்டிருந்தது. அவருக்கும் அவர் குடும்பத்துக்கும் தன்னால் இயன்றதைச் சங்கம் செய்தாக வேண்டும். கொடுக்கல் வாங்கல் இரண்டு பக்கமும் இருந்தது.

இன்று நம்முடைய இல்லங்களிலும் ஆசிரமங்களிலும் வேலைக்கு இருக்கிறவர்கள் எந்த விரதமும் எடுத்துக்கொண்டு வந்தவர்கள் அல்லர். புருஷன் இறந்துவிட்டான், அல்லது குடிக்கிறான்; வேறு வேலை கிடைக்கவில்லை; தெரிந்தவர் ஒருவர் சொன்னார்; வந்தார்கள். அப்படி வந்தவரிடம் வேலையை ஒப்படைத்த மறுநாளே நாம் சாஸ்திரியாரின் விரதத்தையும் கூடவே ஒப்படைத்துவிடுகிறோம். அவருக்கு அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமலே!

எனக்குத் தெரிந்த ஒரு குழந்தைகள் இல்லம் இருக்கிறது. ஊர் வேண்டாம், பெயரும் வேண்டாம். நண்பர் ஒருவருடைய வற்புறுத்தலால் அதன் நிர்வாகக் குழுவில் நான் சில காலம் இருந்தேன். முப்பது குழந்தைகள். இரவு நேரத்துக்கு ஒரே ஓர் ஆயா. ஆறு வருஷமாக அவர்தான். பகலில் துணி துவைப்பும் கூட்டிப் பெருக்குவதும் வேறு. ஒருநாள் குழு கூடியிருந்தபோது அந்த அம்மாள் வாசற்படி அருகில் வந்து நின்றார். சம்பளம் உயர்த்தக் கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று எல்லோரும் நினைத்தோம்.

"வாரத்திலே ஒரு ராத்திரி தூங்கணும் ஸார். அதுக்கு வேற ஆள் போட்டீங்கன்னா போதும்" என்றார்.

காரியதரிசி ஓய்வு பெற்ற பள்ளிக்கூட ஆசிரியர். நாணயமானவர். சொந்தச் செலவில் பஸ் ஏறி வந்து, ஒரு பைசா வாங்காமல், கணக்கெழுதி, நன்கொடைக்கு நடையாய் நடந்து அந்த இல்லத்தைக் காப்பாற்றி வருகிறவர். அவருக்கு முகம் வாடிவிட்டது. "இது தர்மத்துக்கு நடக்கிற இடம் ஆயாம்மா. நானே சம்பளமில்லாமத்தானே செய்யறேன்?" என்றார். அவர் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் அவருக்கு மாதம் தவறாமல் பென்ஷன் வருகிறது. மாலையில் வீட்டுக்குப் போனால் சாய்வு நாற்காலியும் ராத்திரி முழுவதும் தூக்கமும் இருக்கின்றன. தம்முடைய ஓய்வு நேரத்தை அவர் கொடுக்கிறார், பெரிய காரியந்தான். ஆயாவுக்கோ ஓய்வு நேரம் என்று ஒன்று இருந்தால்தானே அதைக் கொடுப்பதா வேண்டாமா என்ற பேச்சே வரும்?

பொருளாளர் பேசியது வேறு மாதிரி. அவரைப் பேச்சில் வெல்ல முடியாது. காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டுகிறவர். இரண்டாவது ஆயாவுக்கு ஆகும் செலவில் இன்னும் இரண்டு குழந்தைகளுக்குச் சோறும் துணியும் புத்தகமும் கொடுக்கலாம் என்றார். மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவிலிருந்து ஓர் அண்ணனும் தங்கையும் எங்கள் இல்லத்துக்கு வரக் காத்திருந்த சமயம் அது. "அந்த ரெண்டு பேரையும் வேண்டாம்னு எழுதிடலாமா?" என்று கேட்டார்.

உண்மையான சங்கடம் இதுதான். கல்நெஞ்சக்காரர்களிடம் இந்தக் கேள்வி எழுவதே இல்லை. தட்டில் இருப்பது ஒரே உருண்டை. ஆயாவின் தூக்கத்தை வாங்கினால் இரண்டு குழந்தைகளுக்கு இடமில்லை.

இந்த வாதம் புதிதும் அல்ல. காந்திஜியே ஒரு காலத்தில் இதை எதிர்கொண்டார். 1925-இல் தோன்றிய அகில இந்திய சர்க்கா சங்கம், கிராமத்து ஏழைப் பெண்களுக்கு நூற்கும் வேலை கொடுத்து வந்தது. நம் பக்கத்தில் அதன் கிளை திருப்பூரில் இருந்தது. நூற்ற பெண்களுக்குக் கிடைத்த கூலியோ மிகச் சொற்பம். ஒன்றுமே இல்லாதவர்களுக்கு அதுவாவது கிடைக்கிறதே என்பது எல்லோருக்கும் சமாதானம். 1935-இல் காந்திஜி அந்தச் சமாதானத்தைக் கலைத்தார். எட்டு மணி நேரம் நூற்றால் எட்டணாவாவது கிடைக்க வேண்டும் என்றார். சகாக்கள் திடுக்கிட்டார்கள். கதர் விலை ஏறிவிடும், வாங்குகிறவர்கள் குறைவார்கள், அப்புறம் பல பெண்களுக்கு வேலையே கொடுக்க முடியாது என்றார்கள். அதுவும் உண்மையே. முடிவில் எட்டணா நிறைவேறவில்லை. வாழ்க்கைக் கூலி என்ற கொள்கையை ஏற்று, அதைவிடக் குறைந்த தொகையிலிருந்து தொடங்கினார்கள். எட்டணா கிடைத்ததா என்பதைவிட, அவர் கேட்ட கேள்விதான் எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. ஏழைக்காக நடக்கும் ஸ்தாபனம் ஏழையின் உழைப்பைக் குறைந்த விலைக்கு வாங்கித்தான் நடக்க வேண்டுமென்றால், அங்கே யார் யாருக்குத் தர்மம் செய்கிறார்கள்?

இலவசம் என்று உலகத்தில் எதுவுமில்லை. ஒரு குழந்தைக்கு இலவசமாகக் கிடைக்கிற சோற்றுக்கு யாரோ ஒருவர் விலை கொடுத்தே இருக்கிறார். ஒரு நாள் அன்னதானம் செய்தவர் பெயர் எங்கள் இல்லத்துச் சுவரில் சலவைக் கல்லில் இருந்தது. கட்டில் வாங்கிக் கொடுத்தவர் பெயர் கட்டிலிலேயே இருந்தது. ஆறு வருஷத்து ராத்திரிகளைக் கொடுத்த அம்மாளின் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. கணக்குப் பார்த்தால் அந்த இல்லத்தின் பெரிய நன்கொடையாளர்களில் அவர் ஒருவர். வித்தியாசம் என்னவென்றால், மற்றவர்களிடம் கேட்டு வாங்கினோம். இவரிடம் கேட்கவே இல்லை.

தூக்கத்தைப் பற்றி இன்னொரு விஷயம். நியூயார்க்கில் ஏழைகளுக்கான இலவச மருத்துவ நிலையமொன்றில் தாமே தொண்டாற்றி வந்தவர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்ற மனோதத்துவ நிபுணர். அங்கே வேலை செய்தவர்கள் நாளடைவில் எப்படி ஆகிவிடுகிறார்கள் என்று பார்த்து, 1974-இல் ஒரு கட்டுரை எழுதினார். களைப்பு, தலைவலி, தூக்கமின்மை, சட்டென்று கோபம், யாரைக் கண்டாலும் சந்தேகம், கடைசியில் எவருக்காக வந்தார்களோ அவர்கள் மேலேயே வெறுப்பு. எரிந்து தீர்ந்துபோவது என்று அவர் வைத்த பெயர் பிறகு எல்லா உத்தியோகங்களுக்கும் பரவிவிட்டது. 2019-இல் உலக சுகாதார நிறுவனம் தன் பட்டியலில், நோய் என்று சொல்லாமல் வேலையினால் வரும் நிலை என்று அதைச் சேர்த்துக்கொண்டது. அந்தச் சொல் பிறந்த இடம் ஒரு தர்ம ஆஸ்பத்திரி என்பதைக் கவனியுங்கள். ஈடுபாடு மிகுந்தவர்கள்தாம் முதலில் எரிந்து போகிறார்கள் என்றும் அவர் எழுதினார். சோம்பேறிக்கு அந்த அபாயமில்லை!

முப்பது குழந்தைகளில் ஒன்றுக்கு நடுநிசியில் ஜுரம் வரும். இன்னொன்று கனவு கண்டு அலறும். வேறொன்று படுக்கையை நனைத்துவிட்டு, அடி விழுமோ என்று இருட்டில் உட்கார்ந்திருக்கும். அந்த நேரத்தில் வருகிற கை அன்பான கையாக இருக்குமா, எரிச்சலோடு ஓங்கிய கையாக இருக்குமா என்பது, அந்தக் கைக்கு உரியவர் நேற்றுத் தூங்கினாரா என்பதைப் பொறுத்தும் இருக்கிறது. ஆகவே பொருளாளரின் கணக்கில் ஒரு வரி விட்டுப்போயிருந்தது. ஆயாவின் தூக்கத்தைக் குழந்தைகளின் பங்கிலிருந்து எடுத்துக் கொடுப்பதாக அவர் நினைத்தார். அந்தத் தூக்கமே குழந்தைகளின் பங்குதான் என்று நான் சொன்னேன்.

சட்டமும் இந்தக் கேள்வியோடு மல்லாடியிருக்கிறது. தர்ம ஸ்தாபனத்துச் சிப்பந்திகளுக்குத் தொழிலாளர் சட்டத்தின் பாதுகாப்பு உண்டா என்ற விஷயம் 1978-இல் சுப்ரீம் கோர்ட்டில் ஏழு நீதிபதிகள் முன் வந்தது. முக்கியத் தீர்ப்பை எழுதியவர் வி. ஆர். கிருஷ்ணய்யர். தர்ம ஸ்தாபனங்களை அவர் மூன்று வகையாகப் பிரித்தார். லாபத்தைத் தர்மத்துக்குச் செலவிடுவது ஒன்று. மற்ற இடங்களைப் போலவே ஆட்களைச் சம்பளத்துக்கு அமர்த்தி, ஏழைகளுக்கு இலவசமாகவோ மலிவாகவோ உதவுவது ஒன்று. கூலியை எண்ணாமல், லட்சியத்தில் தாங்களே பங்குகொண்டவர்களால் நடப்பது மற்றொன்று. முதல் இரண்டு வகைக்கும் சட்டம் பொருந்தும். மூன்றாவதுக்குப் பொருந்தாது என்றார். தயாளம் முதலாளியுடையது, தொழிலாளியுடையது அல்ல என்பது அதன் சாரம். பிற்பாடு, பாராளுமன்றம் 2020-இல் இயற்றிய தொழில் உறவுத் தொகுப்புச் சட்டம் தர்ம, சமூக சேவை ஸ்தாபனங்களைத் 'தொழில்' என்ற வரையறைக்கு வெளியே வைத்தது. சட்டம் அப்படியும் இப்படியும் நகரும். ஆயாவின் கண் எரிச்சல் நகர்வதில்லை. ஐயர் போட்ட கோடு சரியான கோடு என்றே எனக்குப் படுகிறது.

பழியெல்லாம் நிர்வாகிகள் தலையில் போடுவதும் சரியல்ல. நன்கொடை கொடுக்கிற நம்மையும் சற்றுப் பார்க்க வேண்டும். "என் ரூபாயில் எவ்வளவு நேரே குழந்தைக்குப் போகிறது?" என்று கேட்கிறோம். மோசடிகள் நடக்கிற உலகத்தில் அந்தக் கேள்வி அவசியந்தான். ஆனால் நேரே குழந்தைக்குப் போகிற பாதை ஒன்றுதான். அது ஆயாவின் கை வழியாகத்தான் போகிறது. வெளிநாட்டு நன்கொடையில் நிர்வாகச் செலவுக்கு எடுத்துக்கொள்ளக்கூடிய வரம்பை 2020-இல் வந்த திருத்தம் 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைத்தது. பள்ளி ஆசிரியர், ஆஸ்பத்திரி டாக்டர் சம்பளம் அந்த வரம்புக்குள் வராது என்று விதிகள் சொல்வது ஒரு நல்ல அம்சம். கொடுக்கிறவர்கள் மனத்தில் இருக்கிற வரம்புக்கு அப்படி விதிவிலக்கு ஏதுமில்லை. அரிசி வாங்கப் பணம் கிடைக்கும். அந்த அரிசியை வடிக்கிறவருக்குக் கிடைக்காது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அதே இல்லத்தில் ஒரு சமையற்காரர் இருந்தார். மளிகைச் சாமான் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே போய்க்கொண்டிருந்தது காரியதரிசிக்குத் தெரியும். "பாவம், புள்ளைகுட்டிக்காரன். தர்ம ஸ்தாபனத்திலே போய் ஒருத்தன் வயித்திலே அடிக்கிறதா?" என்று விட்டுவைத்திருந்தார். ஆயாவுக்கு லீவு மறுத்ததும் தர்மத்தின் பெயரால். திருடனை விட்டுவைத்ததும் தர்மத்தின் பெயரால். இரண்டும் ஒரே மரத்துக் காய்கள் என்றே நான் நினைக்கிறேன். குடும்பம் மாதிரி நடத்துகிறோம் என்று சொல்கிற இடங்களில், நோட்டுப் புத்தகத்தில் எழுதிய விதி ஒன்றும் இராது. அங்கே அதட்டுகிறவருக்கும் ஏமாற்றுகிறவருக்கும் நடந்தபடி நடக்கும். வாய் திறக்காதவர் சுமப்பார். விதி என்றால் ஏதோ கருணைக்கு விரோதம் என்று நம்மவர்களுக்கு ஓர் எண்ணம். லீவு இத்தனை, வேலை நேரம் இவ்வளவு, தவறு செய்தால் முதலில் எச்சரிக்கை, பிறகு நீக்கம் என்று எழுதி எல்லோருக்கும் படித்துக் காட்டிவிட்டால், காரியதரிசியின் முகம் வாடியிருக்கிறதா மலர்ந்திருக்கிறதா என்று யாரும் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

குழு அன்று நெடுநேரம் பேசியது. கடைசியில் இரண்டாவது ஆயாவை வைத்துக்கொள்வதென்று முடிவாயிற்று. அந்த அண்ணனையும் தங்கையையும் ஏற்க இயலவில்லை என்று எழுதினோம். அவர்களை வேறு ஊரில் ஓர் இல்லத்துக்கு அனுப்பியதாகப் பின்னால் தெரிந்தது. அங்கே ராத்திரியில் யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று இன்றும் எப்போதாவது நினைத்துக்கொள்கிறேன். முடிவு சரிதான். சரியான முடிவுக்கும் யாரோ ஒருவர் விலை கொடுக்கத்தான் செய்தார்கள். அதுவும் எங்களில் யாருமல்ல.

சமையற்காரரைக் கூப்பிட்டு எச்சரித்தார்கள். அவர் இரண்டு மாதத்தில் தாமாகவே நின்றுகொண்டார். ஆயாவுக்குச் சனிக்கிழமை ராத்திரி லீவு என்று ஏற்பாடாயிற்று. முதல் சனிக்கிழமை பக்கத்து ஊரிலிருந்த தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறார். மறுநாள் காலை ஒன்பது மணியாகியும் எழுந்திருக்கவில்லையாம். தங்கை பயந்துபோய், மூக்கினருகே விரலை வைத்துப் பார்த்தாராம்.