கேட்டபடி எழுதுவதா? திருத்தி எழுதுவதா?

ஒருவர் வாயால் பாடிய பாட்டை மற்றொருவர் கையால் எழுதும்பொழுது, அப்பாட்டின்மேல் எழுதுவோனுக்கு எவ்வளவு அதிகாரம் உண்டு? செவி கேட்டதை அப்படியே எழுதி வைப்பது அவன் கடமையா? அன்றி, பிழையெனத் தோன்றுவதைத் திருத்தியும், தகாதெனத் தோன்றுவதை நீக்கியும் எழுதுவது அவன் உரிமையா? இது புலவர் பெருமக்கள் கூடி ஆராயவேண்டிய கேள்வி, நம் போன்றார்க்கு அதில் வேலையில்லை என்று நாம் நெடுநாள் எண்ணியிருந்தோம். பிள்ளைகள் ஆடும் ஒரு விளையாட்டு அக்கேள்வியை நம் வீட்டுக் கூடத்திலேயே கொண்டுவந்து நிறுத்திற்று. அதில் நாம் செய்த ஒரு தவற்றையும் ஒளிக்காமல் இங்குச் சொல்லுகின்றோம்.

நாம் ஜொகூரில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிராணி வேலை பார்க்கின்றோம். படித்தது ஆங்கில வழியில். தமிழிலக்கணம் பின்னாளில் ஆசையால் தேடிக் கற்றது. நமது தமக்கையார் சிங்கப்பூரில் குவீன்ஸ்டவுனில் வசிக்கின்றார். அது அந்நாட்டின் முதல் துணை நகரம். சிங்கப்பூர் மேம்பாட்டு டிரஸ்டு 1950-களில் கட்டத் தொடங்கியதை, 1960-இல் அமைந்த வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தொடர்ந்து நிறைவேற்றிற்று. 1953-இல் முடிசூடிய எலிசபெத் அரசியாரைக் குறித்தே அப்பெயர். அதற்கு முன்னம் அங்குக் குடியிருந்த சீனக் குடியானவர்கள் அப்பள்ளத்தாக்கைப் போ பே காங் என்று அழைத்தனர். வாயால் அழைத்தவர் வைத்த பெயர் மறைந்தது. ஏட்டில் எழுதியவர் வைத்த பெயர் நிலைத்தது. எழுதுகோலின் வலிமை எத்தகையது என்பதற்கு அவ்வூரே ஒரு சான்று.

நமது பாட்டியார் எண்பது கடந்தவர், ஆயுள் முழுதும் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், எழுத்தறியாதவர். இப்பொழுது தமக்கையார் வீட்டில் இருக்கின்றார். தமக்கையாரின் மூத்த மகன் கணினி கற்றவன். அவன் ஒரு நாள் நம்மிடம் வந்து, "மாமா, பாட்டியோட தாலாட்டைப் பாட்டு விளையாட்டுல ஏத்தப் போறேன். சொல்லெல்லாம் நீங்க எழுதிக் கொடுங்க" என்றான். நாமும் மகிழ்ச்சியோடு இசைந்தோம்.

அவ்விளையாட்டு இன்னதென்று அறியாத வாசகர்களுக்குச் சிறிது சொல்லவேண்டும். 1971-இல் ஜப்பானின் கோபே நகரில் இனோவே டைசுக்கே என்னும் இசைக்காரர், பாடுவோரின்றிப் பின்னணி இசை மட்டும் ஒலிக்கும் பெட்டியைச் செய்து வாடகைக்கு விட்டார். அதற்கு அவர் காப்புரிமையும் பெறவில்லை. உலகெங்கும் பரவிய கராவோக்கேயின் தொடக்கங்களுள் அது முதன்மையாகச் சொல்லப்படுகின்றது. 2004-இல் சோனி நிறுவனம் வெளியிட்ட சிங்ஸ்டார் என்னும் விளையாட்டு, பாடுவோர் குரலை அளந்து மதிப்பெண் இடும் வழக்கத்தைப் பல வீடுகளுக்குக் கொண்டுசென்றது. அதைப் பின்பற்றி எழுந்த அல்ட்ராஸ்டார் என்னும் இலவச நிரலில், பாட்டுக்களை ஆடுவோர் தாமே எழுதிச் சேர்த்துக்கொள்ளலாம்.

எழுதும் முறை இது. பாட்டின் ஒவ்வோர் அசைக்கும் ஒரு வரி. அவ்வரியில் நான்கு செய்திகள்: அசை எந்தத் தட்டில் தொடங்குகின்றது, எத்தனை தட்டு நீள்கின்றது, எந்தச் சுரத்தில் நிற்கின்றது, அதன் எழுத்து யாது. ஒரே அசை நீண்டு சுரம் மாறுமாயின், எழுத்துக்குப் பதிலாக ஓர் அலைக்குறி இடவேண்டும். சிறு பாட்டுக்கும் சில நூறு வரிகள் ஆகும். ஆடும்போது திரையில் கோடுகள் ஓடும். கீழே சொற்கள் ஒளிரும். பாடுவோர் குரல் கோட்டில் பொருந்தினால் மதிப்பெண் ஏறும்.

இதில் தமிழுக்கென ஒரு நுட்பமும் உண்டு. எழுத்தை எழுத்தாகப் பிரித்தால் பாட்டு நிற்காது. ‘பெரட்டு’ என்ற தோட்டச் சொல்லில் எழுத்து நான்கு. பாடும் அசையோ பெ, ரட், டு என மூன்றே. ‘விடிஞ்சு’ என்பதன்பின் ‘எழுந்து’ வருமாயின், பாடுவோர் வாயில் ஈற்றுகரம் கெட்டு ‘விடிஞ்செழுந்து’ என்று ஒன்றாகிவிடும். அழகாகப் பிரித்தெழுதுவோம் என்று இரண்டாக்கினால், சுரமற்ற அசையொன்று அந்தரத்தில் நிற்கும். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்று கண்ணிமையாலும் கைந்நொடியாலும் அளந்து வைத்த நம் முன்னோர் இலக்கணம், கணினி விளையாட்டுக்கும் உதவுவதைக் கண்டு நாம் பெருமிதம் கொண்டோம். அப்பெருமிதத்தோடு நின்றிருக்கலாம், நாம் நிற்கவில்லை.

பாட்டியார் ‘தொரை’ என்றதைத் ‘துரை’ என்று எழுதினோம். ‘வெளக்கு’ என்றதை ‘விளக்கு’ ஆக்கினோம். இரப்பர்ப் பால் பிடிக்கும் ‘மங்கு’ நகரத்துப் பிள்ளைகளுக்கு விளங்காதென்று ‘கிண்ணம்’ ஆக்கினோம். அசையும் தட்டும் பொருந்தி வந்தமையால் மனமும் உறுத்தவில்லை. பின்னர் ஓர் அடி வந்தது. பிள்ளைக்குப் பாலூட்டிவிட்டுப் பெரட்டுக்கு ஓடிவந்த தாய், சற்றே பிந்தியதற்காக அவளது முழுநாள் உழைப்பை அரைநாளாகப் பதிந்த கிராணியை ஏசுகின்ற அடி அது. அவன் பேனா முறியட்டும் என்று தொடங்கி, ஏட்டில் எழுதத் தகாத இரண்டொரு சொற்களில் அது முடிகின்றது. அவ்வடியை நாம் முழுதும் நீக்கிவிட்டோம். ‘குழந்தைகள் பாடும் பாட்டில் வசைமொழி எதற்கு’ என்று மருமகனிடம் காரணம் கூறினோம். அவனும் அவ்விடத்துக் கோடுகளை அழித்துவிட்டு, உடுக்கை ஒலியை மட்டும் விட்டுவைத்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை வீட்டார் அனைவரும் கூடியிருக்கப் பாட்டியாரைப் பாடச் சொன்னார்கள். ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு அவர் சிறுபெண்போல் சிரித்தார், பாடினார். அவ்விடம் வந்தது. கோடும் இல்லை, சொல்லும் இல்லை. பாட்டியாரோ நிறுத்தாமல் பாடிக்கொண்டே போனார். அருகிலிருந்த கொள்ளுப்பேத்தி, "பாட்டி, நிறுத்துங்க, இங்கே பாட்டு இல்லே!" என்றாள். அவர் பாட்டை நிறுத்தித் திரையைப் பார்த்தார். பிறகு நம்மைப் பார்த்தார். "பாட்டு இருக்கு, சாமி. எழுதினவங்களுக்குத்தான் மனசில்லே" என்று சொல்லி, ஒலிவாங்கியைப் பேத்தியிடம் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. வசைமொழி என்பதற்காகவா அவ்வடியை நீக்கினோம்? வசை ஒரு கணக்கப்பிள்ளையின்மேலோ, கடைக்காரன்மேலோ வந்திருந்தால் நீக்கியிருப்போமா? இல்லை. நம் நாற்காலியில் நமக்கு முன் அமர்ந்தவனை அப்பாட்டு ஏசிற்று. ஆகவே நம் கை அதை அழித்தது. ஒழுக்கம் என்ற பெயர் அதற்குப் பின்னர் இட்டது.

நிற்க. தோட்டத்துக் கிராணிக்கு இப்பழக்கம் புதிதன்று. செக்ரோலில் அவன் எழுதியதே நாள். பெயர்ப்பதிவில் அவன் எழுதியதே பெயர். தகப்பனார் வாயால் சொன்ன பெயர் ஒன்று, ஏட்டில் ஏறிய பெயர் மற்றொன்று என்று, அடையாளச் சீட்டில் ஒருவாறும் பிறப்புச் சான்றில் வேறொருவாறும் பெயருடையார் நம் தோட்டங்களில் எத்தனை பேர்! முதுமையில் சேமநிதிப் பணம் கேட்டு நம் மேசைமுன் வந்து, ‘நான்தான் அவன்’ என்று மெய்ப்பிக்க ஓர் எழுத்துக்காக அலைந்த கிழவரை நாமே கண்டிருக்கின்றோம். எழுதியவன் அப்பெயரைக் கேட்ட நேரம் ஒரு நிமிஷம். அவர் அலைந்தது பல மாதம். ‘இப்படி இருந்தால் நன்றாயிருக்கும்’ என்று எழுதுவோன் கருதுவது, எழுதப்பட்டவனுக்கு எவ்வளவு தூரம் சென்று தைக்கின்றது!

இது தோட்டத்தோடு நிற்கும் நோயும் அன்று. திருநெல்வேலிச் சீமையில் வழங்கும் முத்துப்பட்டன் கதையைப் பாருங்கள். பிராமண இளைஞனாகிய முத்துப்பட்டன், சக்கிலியர் குலத்துப் பெண்களாகிய பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் காதலித்து மணந்து, அவர்கள் தந்தையின் தொழிலையும் ஏற்று, மாடு கவர வந்த கள்வரோடு பொருது மாண்டான் என்பது கதை. சாதியைக் காலால் உதைத்த ஒரு மனிதனை மக்கள் தெய்வமாக்கிப் பாடினார்கள். பின்வந்தோர் சிலருக்கு அது பொறுக்கவில்லை. அப்பெண்கள் பிறப்பால் பிராமணப் பெண்களே, சக்கிலியர் எடுத்து வளர்த்தார் என்று ஒரு பகுதியைக் கதையில் நுழைத்துவிட்டார்கள். இக்கதைப் பாடலை 1971-இல் மதுரைப் பல்கலைக்கழகத்தின் வழியே பதிப்பித்த நா. வானமாமலை, அது பின்னாளைய செருகல் என்று எடுத்துக்காட்டினார். செருகியவர் நிச்சயமாகத் தம்மைப் பொய்யர் என்று எண்ணியிருக்கமாட்டார். கதையைத் ‘திருத்தியதாகவே’ எண்ணியிருப்பார். நாம் கிராணியைக் காத்தோம். அவர் குலத்தைக் காத்தார். அளவில்தான் வேற்றுமை, செய்கை ஒன்றே.

இதற்கு மாறான நெறியும் நம்மிடையே உண்டு. உ. வே. சாமிநாதையர் 1894-இல் புறநானூற்றை அச்சிட்டபோது, ஏடு சிதைந்து சொல் மறைந்த இடங்களில் தம் சொல்லை இட்டு நிரப்பவில்லை. புள்ளியிட்டு வெற்றிடமாகவே விட்டார். ஏட்டுக்கு ஏடு பாடம் வேறுபட்டால், அவ்வேறுபாட்டையும் அடியில் குறித்தார். அத்துணைப் புலமை உடையவர் ஒரு சீரை இட்டு நிரப்ப இயலாதவரா? இயலும், ஆயினும் செய்யவில்லை. ‘இங்கே ஒன்று இருந்தது, அது எனக்குக் கிட்டவில்லை’ என்று அப்புள்ளிகள் சொல்லுகின்றன. நாம் விட்ட வெற்றிடமோ, ‘இங்கே ஒன்றும் இல்லை’ என்று பேத்தியை நம்பவைத்தது. இரண்டும் வெற்றிடமே, ஒன்று மெய், மற்றொன்று பொய்.

இங்கு ஒரு தடை எழும். ‘பாமரர் பாடுவதெல்லாம் அப்படியே எழுதத்தக்கதா? பிறரைச் சாதி சொல்லி இழிப்பதும், பெண்ணைத் தாழ்த்துவதும் நாட்டுப் பாடல்களில் உண்டே. அவற்றையும் பிள்ளைகள் வாயில் இடுவதா?’ என்று சீர்திருத்த அன்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. நாம் கண்ட விடை இது: எழுதி வைப்பது வேறு, பாடக் கொடுப்பது வேறு. எழுதி வைக்கும் ஏட்டில் யாவும் கேட்டபடி இருக்கவேண்டும், இழிவும் சரித்திரமே, அதை அழித்தால் இழைத்தவனுக்கே லாபம். பிள்ளைகளுக்குக் கொடுக்கும்போது தகாத பாட்டைக் கொடாது விடலாம். அன்றி, இன்ன அடி மாற்றப்பட்டது, இன்ன காரணத்தால் என்று வெளிப்படையாகச் சொல்லிக் கொடுக்கலாம். மாற்றுவது குற்றமன்று, மாற்றியதை மறைப்பதே குற்றம். அன்றியும், பாடினவர் உயிரோடிருக்க அவரைக் கேளாமல் மாற்றுவது இரட்டைக் குற்றம். நாம் செய்தது அது.

‘விளையாட்டுத்தானே, இதற்கு இவ்வளவு விசாரமா?’ என்பார்க்கும் ஒரு சொல். அந்தப் பொறி சுருதியைத்தான் அளக்கின்றது. சொல்லைக் கவனிப்பதே இல்லை. ‘லலலா’ என்று பாடினாலும் சுரம் பொருந்தினால் முழு மதிப்பெண் தரும். அப்படியானால் சொல்லுக்குக் காவல் யார்? எழுதினவனுடைய மனச்சான்று ஒன்றே. தணிக்கை இல்லாத கணக்கில்தானே கணக்கனின் நாணயம் தெரியும்!

மறுவாரம் நாம் பாட்டியாரிடம் சென்று, செய்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டு, மீண்டும் பாடச் சொன்னோம். பாடினார். ஆனால் அவ்வடி முன்போல் இல்லை. இரண்டு சொற்கள் மாறியிருந்தன. எது சரியென்று கேட்டோம். "அன்னிக்கு அது, இன்னிக்கு இது" என்றார். முன்பு பதிவான பாடத்தை விளையாட்டில் இட்டு, இன்றைய பாடத்தை ஏட்டில் அடிக்குறிப்பாக எழுதிக்கொண்டோம். ‘மங்கு’ திரும்பி வந்தது. அதன் பொருளைப் பாட்டின் முகப்பில் எழுதினோம். ‘தொரை’யும் ‘வெளக்கு’ம் தம் இடத்தில் அமர்ந்தன.

இன்னும் ஒரு சிக்கல் இருந்தது. தம் பாட்டிலேயே பாட்டியார் குறைந்த மதிப்பெண் பெற்றார். அவர் குரல் ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லும். பொறியின் கோடோ படிக்கட்டுப்போல் நிற்கும். மருமகன் ஒரு வழி கண்டான். மதிப்பெண் இடாமல் தாராளமாகப் பாட விடும் குறியொன்று அந்நிரலில் உண்டு. பாட்டியார் குரல் மனம்போல் உலாவும் இடங்களுக்கெல்லாம் அதை இட்டான். மாத்திரைக் கணக்கை அவ்வளவு நுட்பமாக வகுத்த தொல்காப்பியரும், நூன்மரபின் இறுதியில், எழுத்துக்கள் தம் அளவைக் கடந்து நீள்வது இசைநூலார்க்கு உரியது என்று சொல்லி விலகிக்கொள்ளவில்லையா? அளக்கத் தெரிந்தவனுக்கு, அளக்கலாகாத இடமும் தெரிந்திருக்கவேண்டும்.

தோட்டத்திலும் பட்டணத்திலும் வாழும் தமிழர்காள்! பால்மரக் காட்டில் பாடிய குரல்கள் இன்னும் சில நம் வீட்டு மூலைகளில் இருக்கின்றன. இலங்கை மலையகத்துப் பாடல்களைத் திரட்டிய சி. வி. வேலுப்பிள்ளைபோல் ஒவ்வோர் ஊரிலும் ஒருவர் தோன்றுவார் என்று காத்திருத்தல் வேண்டா. கைபேசி இல்லாத வீடு இன்று எது? பதிவு செய்யுங்கள், கேட்டபடி எழுதுங்கள். விளங்காத சொல்லுக்குப் புள்ளியிடுங்கள். உங்களைச் சுடும் அடி வந்தால், அதை இரண்டு முறை கேட்டுக் கவனமாக எழுதுங்கள்.

இப்பொழுது குவீன்ஸ்டவுன் வீட்டில் பிள்ளைகள் அத்தாலாட்டைப் பாடுகின்றார்கள். கிராணி அடி வரும்போது, உரக்கப் பாடிக்கொண்டே நம்மைத் திரும்பிப் பார்க்கின்றார்கள். பார்க்கட்டும்.