வெளியே தெரியாத புண்

நம் வீடுகளில் ஓய்வு என்பது கண்ணால் பார்த்துக் கொடுக்கப்படுவது. காலில் மாவுக்கட்டு இருந்தால் நாற்காலியை இழுத்துப் போடுவார்கள். வயிற்றில் தையல் இருந்தால் தண்ணீர்க் குடத்தைத் தொட விடமாட்டார்கள். கண் ஆபரேஷன் செய்துகொண்டவருக்குக் கறுப்புக் கண்ணாடி ஒன்றே போதும், தெருவே ஒதுங்கி வழிவிடும். சிறுநீர்ப்பையில் இருந்த புற்றுக்கட்டியைச் சுரண்டி எடுத்துவிட்டு வீடு திரும்புகிறவருக்கு இப்படிக் காட்டுவதற்கு எதுவும் கிடையாது. உடம்பில் ஒரு கீறல் இல்லை. சிறுநீர் வெளியேற வைத்திருந்த டியூபை எடுத்த மறுநாள் தலை சீவி, சேலை மாற்றி, வாசலில் வந்து உட்கார்ந்தால் பார்க்கிறவர்களுக்குப் போன மாதத்து மனுஷிதான். அதுவும் முதல் தடவை இல்லை, மறுபடியும் செய்தது என்றால், "இது பழகியிருக்குமே" என்ற எண்ணமும் சேர்ந்துகொள்கிறது.

பழகுவதில்லை. திரும்பத் திரும்பச் செய்யப்படும் சிகிச்சைக்கு முதல் தடவையைவிடக் கூடுதலாகவே ஓய்வு வேண்டியிருக்கிறது. அதை வாய்விட்டுக் கேட்டால்தான் கிடைக்கும். எங்கள் தலைமுறைப் பெண்களுக்குக் கேட்பது எளிதாக வருகிற காரியம் அல்ல. அதனால்தான் எழுதுகிறேன்.

இந்தச் சிகிச்சையில் முதலில் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்கிறார்கள். சிறுநீர் வரும் வழியாகவே கருவியை உள்ளே செலுத்தி, அதன் நுனியிலுள்ள கம்பி வளையத்தில் மின்சாரம் பாய்ச்சி, கட்டியைச் சீவிச் சீவி எடுக்கிறார்கள். ரத்தம் கசியும் இடங்களை அந்த வளையத்தாலேயே சுட்டு அடைக்கிறார்கள். 1870களின் கடைசியில் ஜெர்மனியின் மாக்சிமிலியன் நிட்சே என்ற மருத்துவர் சிறுநீர்ப்பைக்குள் வெளிச்சத்தோடு பார்க்கும் கருவியை உருவாக்கினார். 1910இல் நியூயார்க்கில் எட்வின் பீர் என்பவர் அதே வழியாக மின்சாரத்தைக் கொண்டுபோய்க் கட்டியை அழிக்க முடியும் என்று காட்டினார். வயிற்றைக் கிழிக்காமல் நான் வீடு திரும்பியது அந்த இருவரால். அந்த நன்றி எனக்கு உண்டு. ஆனால் கிழிக்காததாலேயே புண் இல்லை என்று ஆகிவிடாது.

வார்டில் இருக்கும்வரை அந்தப் புண்ணுக்கு ஒரு சாட்சி இருக்கிறது. அதுதான் டியூப். மூன்று வாய் உள்ள டியூப் அது. ஒரு வழியாக சலைன் உள்ளே போகும், இன்னொரு வழியாக ரத்தம் கலந்து பைக்கு வரும், மூன்றாவது வாய் உள்ளே நிற்கும் சின்ன பலூனுக்கு. இரவுப் பணி நர்ஸ் ஒவ்வொரு முறை வரும்போதும் என் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் டியூபைத்தான் பார்ப்பார். செல்போன் வெளிச்சத்தை அதன்மேல் பிடிப்பார். சிவப்பு அடர்த்தியாக இருந்தால் சலைன் உருளையைத் திருப்பி வேகத்தைக் கூட்டுவார், ரோஸ் நிறத்துக்கு வந்திருந்தால் குறைப்பார். ஓர் இரவு ரத்தம் கட்டியாகி டியூபை அடைத்துக்கொண்டது. அடிவயிறு இறுகி, மூச்சுவிடவே பயமாக இருந்தது. அவர் பெரிய சிரிஞ்சில் சலைனை ஏற்றி உள்ளே அடித்து இழுத்தார். சுண்டுவிரல் நுனி அளவுக்குக் கறுத்த துண்டுகள் கிண்ணத்தில் விழுந்தன. "வந்துட்டும்மா, இனி வலிக்காது" என்றார். அவர் சொன்னபடியே அடுத்த நிமிஷம் வலி நின்றது. அந்தப் பெண்ணை நான் தினமும் நினைத்துக்கொள்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் அந்தச் சாட்சியும் போய்விடுகிறது. உள்ளே இருப்பதோ பச்சைப் புண். கைவிரலில் வெட்டுப்பட்டால் தண்ணீர் படாமல் துணி சுற்றிவைக்கிறோம், இந்தப் புண்ணின்மேலோ நாள் முழுவதும் சிறுநீர் ஊறிக்கொண்டே இருக்கிறது. எரிச்சல், அடக்க முடியாத அவசரம், பாத்ரூமுக்குப் போய் உட்கார்ந்தால் நாலு சொட்டு, எழுந்து வந்து படுத்தால் மறுபடி அவசரம். இரவில் தூக்கம் துண்டு துண்டாகிறது. தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், முக்கக் கூடாது, மலச்சிக்கல் வரவிடக் கூடாது, கனமான எதையும் தூக்கக் கூடாது, ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து மேடுபள்ளத்தில் குலுங்கக் கூடாது.

பத்துப் பதினைந்து நாள் கழித்து உள்ளே சுட்ட இடத்தின் பொருக்கு உதிரும். அப்போது ஒரு காலையில், எல்லாம் தெளிந்துவிட்டது என்று நினைத்திருந்த நேரத்தில், மறுபடி சிவப்பாகப் போகும். பெரும்பாலும் இது தண்ணீர் குடித்துப் படுத்திருந்தால் அடங்கிவிடுவதுதான். கட்டியாக வந்தாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, குளிர்காய்ச்சல் வந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். ஆனால் அந்த இரண்டாவது வாரத்தில்தான் வீட்டில் எல்லோரும் அவரவர் வேலைக்குத் திரும்பியிருப்பார்கள். நம் கையில் அரிசி களைதல், துணி மடித்தல் என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்திருக்கும். உடம்புக்கு ஓய்வு மிகவும் தேவைப்படுகிற நாளும், ஊர் நமக்கு ஓய்வு முடிந்தது என்று முடிவு செய்கிற நாளும் ஒன்றாக வந்து நிற்கின்றன.

ஏன் திரும்பத் திரும்ப? புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் சிறுநீர்ப்பைப் புற்றில் சுமார் முக்கால் பங்கு, பையின் தசைக்குள் இறங்காமல் மேலோட்டமாகவே நிற்பது. நல்ல செய்திதான். ஆனால் இந்த வகை மறுபடி முளைக்கும் குணம் கொண்டது. ஓரிடத்தில் எடுத்தால் இன்னோரிடத்தில் வரும். முதல் பயாப்சியில் உள்பூச்சைத் தாண்டிச் சற்றே இறங்கியிருப்பதாகத் தெரிந்தாலோ, எடுத்த சதையில் தசைப்பகுதி வரவில்லை என்றாலோ, சில வாரங்களில் மறுபடி உள்ளே போய் அதே இடத்தைச் சுரண்டிப் பார்ப்பது உலகம் முழுவதும் உள்ள வழக்கம். எனக்கும் அப்படித்தான் நடந்தது. அதன் பிறகு ஒரு செக்கப்பில் சின்னதாக இன்னொன்று தெரிந்து, மறுபடியும் அதே மேஜை, அதே ஊசி.

முதல் தடவை ஊரே வந்தது. சாத்துக்குடியும் ஹார்லிக்ஸும் மேஜையில் அடுக்கியிருந்தன. கூட வேலை பார்த்த டீச்சர்கள் எல்லோரும் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். மறுபடி என்றபோது போன் வந்தது. "திரும்பவுமா மதினி? போன வாட்டியே எல்லாம் எடுத்துட்டோம்னு சொன்னாங்கள்லா?" என்று கேட்ட குரலில் அக்கறையோடு ஒரு சந்தேகமும் இருந்தது. டாக்டர் சரியில்லையோ, நாம் பத்தியம் சரியாக இருக்கவில்லையோ. வாழைத்தண்டுச் சாறு, பார்லித் தண்ணீர், சிறுகண்பீளைக் கஷாயம் என்று கல்லடைப்புக்குச் சொல்கிற வைத்தியமெல்லாம் அன்போடு வந்து சேர்ந்தன. யாரையும் நான் குறை சொல்லவில்லை. கவலைப்படுவதற்கும் மனிதருக்கு ஒரு தெம்பு வேண்டியிருக்கிறது, அது வற்றுவதும் இயற்கைதான். என் வீட்டுக்காரர் முதல் தடவை ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அழுதவர். பிந்தைய முறை பையை அவரே எடுத்துவைத்தார். போர்வை, ஃப்ளாஸ்க், பழைய ரிப்போர்ட் ஃபைல் என்று எதையும் கேட்காமலே. அது மரத்துப்போனது அல்ல என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அவரும் களைத்திருந்தார் என்பதை அந்த ஃபைலை அவர் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்த நடையில் பார்த்தேன்.

அதனால்தான் கேட்க வேண்டியிருக்கிறது என்கிறேன். மருமகளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "இன்னும் ஒரு மாசத்துக்கு நான் குனிஞ்சு நிமிர்ற வேலை செய்ய முடியாதும்மா, எனக்கு உள்ள புண் இருக்கு" என்று சொன்னேன். "சொல்லியிருந்தா நான் விட்டிருப்பேனா அத்தை, நீங்க நடமாடறதப் பார்த்து நல்லாயிட்டுன்னுல்லா நெனச்சேன்" என்றாள். உண்மையாகவே அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. தெரிய வழி ஏது?

பெண்களுக்கு இதில் இன்னொரு தடையும் இருக்கிறது. இந்த நோய் ஆண்களுக்கு மூன்று நான்கு மடங்கு அதிகம். புகைபிடிப்பதுதான் முதல் காரணம். சாயத் தொழிற்சாலை ரசாயனங்களும் காரணம் என்பதை 1895இலேயே ஃப்ராங்க்ஃபர்ட்டில் லூட்விக் ரேன் என்ற அறுவை மருத்துவர் தொழிலாளர்களிடம் கண்டு எழுதினார். ஆண்களின் நோய் என்றே பதிந்துவிட்டதால் ஒரு பெண்ணுக்குச் சிறுநீரில் ரத்தம் வந்தால் யாருடைய புத்தியும் புற்றுநோய்ப் பக்கம் போவதில்லை. இன்ஃபெக்‌ஷன் என்று மாத்திரை எழுதுவார்கள், ரத்தம் தானே நின்றுவிடும், மாத்திரை கேட்டது என்று நாமும் நினைத்துக்கொள்வோம். எனக்கும் முதலில் பார்த்த டாக்டர் அப்படித்தான் எழுதினார், ஒரு தடவைக்கு மேல். வலியே இல்லாமல் வந்து போகிற ரத்தம்தான் இந்த நோயின் வழக்கமான முதல் அடையாளம். ஒரே ஒரு நாள் வந்து நின்றிருந்தாலும் ஸ்கேனும், சிறுநீர்ப்பைக்குள் கருவி விட்டுப் பார்க்கும் ஸ்கோப்பியும் வேண்டுமா என்று கேளுங்கள். கூச்சப்பட்டு விட்டுவிடாதீர்கள்.

கூச்சம் என்பது எங்களுக்குள் சின்ன வயதிலிருந்தே ஏறிய ஒன்று. நான் வேலை பார்த்த பள்ளிகளில் பெண் ஆசிரியர்களுக்கு என்று ஒழுங்கான கழிப்பறை இருந்தது கடைசிச் சில ஆண்டுகளில்தான். காலையில் காபியோடு சரி, தண்ணீர் குடிக்காமல் பஸ் ஏறி, மாலை வீடு வந்துதான் போவோம். பஸ் பயணம், கல்யாண மண்டபம், துஷ்டி வீடு எல்லாம் அப்படியே. என் நோய்க்கு அது காரணமா என்று டாக்டரிடம் கேட்டேன். அப்படிச் சொல்ல முடியாது என்றார். காரணமோ இல்லையோ, அத்தனை வருஷம் அந்த உறுப்பின் குரலை அடக்கிவைத்த பழக்கம், இப்போது அதற்காகப் பேச வேண்டிய நேரத்தில் வாயைக் கட்டுகிறது.

ஆனால் அந்தப் பழக்கம் ஒரே ஒரு இடத்தில் எனக்குத் துணைக்கு வந்தது. கட்டி எடுத்த புண் ஆறியபின் சிலருக்கு பிசிஜி மருந்தை டியூப் வழியாகப் பைக்குள் செலுத்துகிறார்கள். வாரத்துக்கு ஒன்றாக ஆறு வாரம். உள்ளே போன மருந்தை இரண்டு மணி நேரம் வெளியேற்றாமல் வைத்திருக்க வேண்டும். புண் ஆறாமல் ரத்தம் போய்க்கொண்டிருந்தால் மருந்துத் தேதி தள்ளிப்போகும். அந்த நாட்களின் ஓய்வு சோம்பல் இல்லை, சிகிச்சையின் ஒரு பாகம் என்று வீட்டில் எடுத்துச் சொல்ல இந்தத் தேதி எனக்கு உதவியது. இரண்டு மணி நேரம் அடக்குவது பக்கத்துக் கட்டில்காரர்களுக்குப் பெரும்பாடாக இருந்தது. எனக்குத் தெரிந்த வித்தை அது.

பிசிஜி என்றதும் மகன் முழித்தான். பிறந்த குழந்தைக்குத் தோளில் போடுகிற ஊசி அல்லவா? அதேதான். காசநோய்க்காக ஃப்ரான்ஸில் கால்மெட், கெராங் என்ற இருவர் உருவாக்கி, 1921இல் முதன்முதலாக ஒரு குழந்தைக்குக் கொடுத்த மருந்து. சென்னை கிண்டியில் 1948இல் தொடங்கிய ஆய்வுக்கூடத்தில் நம் நாட்டுக்காகத் தயாரானது. 1968இல் தொடங்கி செங்கல்பட்டுப் பகுதிக் கிராமங்களில் லட்சக்கணக்கானவர்களுக்கு அதைப் போட்டு ஆண்டுக்கணக்கில் பார்த்தார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்று தெரியவந்தது. ஏறத்தாழ அதே காலத்தில், 1976இல், கனடாவில் ஆல்வாரோ மொராலெஸ் என்ற மருத்துவர் அதைச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்தி, ஒன்பது நோயாளிகளிடம் பலன் கண்டதாக எழுதினார். இன்றுவரை இந்தப் புற்றுக்கு அதுதான் முக்கியமான காவல். உயிருள்ள, பலம் குறைக்கப்பட்ட கிருமி உள்ளே போய் உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தட்டி எழுப்புகிறது. எழுந்த சக்தி புற்றணுக்களையும் சேர்த்துத் தாக்குகிறது. நம் தமிழ்நாட்டுச் சனங்களும் கை நீட்டிப் போட்டுக்கொண்ட ஒரு மருந்து, எதற்காக வந்ததோ அதில் சறுக்கி, யாரும் நினைக்காத இடத்தில் எனக்குக் கைகொடுக்கிறது என்பது அந்த இரண்டு மணி நேரமும் என்னை நிமிர்த்தி வைத்திருந்தது. அன்று முழுவதும் கமோடில் பிளீச்சிங் ஊற்றிக் கால்மணி நேரம் விட்டுக் கழுவ வேண்டும். அன்றிரவு காய்ச்சலும் எரிச்சலும் வரும். மருந்து வேலை செய்கிறது என்று போர்வையை இழுத்துக்கொள்வேன்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஸ்கோப்பி. அந்த வாரம் வந்துவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது. அதற்காக என்னை யாரும் தேற்ற வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். "ஒன்னும் இருக்காது" என்ற சொல் அந்த வாரத்தில் எனக்கு உதவுவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பூ கட்டினால் போதும். முடிந்தபின் வருகிற இரண்டரை மாதத்தை நான் மீதிக்காலம் என்று எண்ணுவதில்லை. கீழ்வீட்டுப் பிள்ளைக்குப் பத்தாம் வகுப்புக் கணக்கு சொல்லித்தருகிறேன். பாதியில் ஸ்கோப்பி வரும், மறுபடி சுரண்டவேண்டியும் வரலாம், அப்படி வந்தால் ஒரு மாதம் பாடம் கிடையாது என்று அவள் அம்மாவிடம் முதல் நாளே சொன்னேன். "சரி டீச்சர், நீங்க எந்திரிச்சதும் சொல்லுங்க" என்றாள்.

ஆவணியில் பேத்திக்கு மொட்டை போட்டுக் காது குத்துகிறோம், எட்டயபுரம் பக்கம் குலதெய்வக் கோயிலில். ஸ்கோப்பித் தேதி அதற்கு முந்தின வாரம் வருகிறது. தள்ளிப்போடலாமா அம்மா என்று மகன் கேட்டான். வேண்டாம், இரண்டும் அதனதன் நாளில் நடக்கட்டும் என்றேன். வேனில் கதவு ஓரத்து இருக்கை எனக்கு வேண்டும், கயத்தாறில் ஒரு முறையும் கோவில்பட்டியில் ஒரு முறையும் நிறுத்த வேண்டும், நல்ல பாத்ரூம் இருக்கிற இடமாகப் பார்த்து டிரைவரிடம் இப்போதே சொல்லிவை என்றும் சொன்னேன்.