அடைத்துக்கொண்டது குழாயா, உன் வாயா?

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு வாடகை வீடு. முன்கூடத்தில் தறி, அதை ஒட்டி அடுப்படி, பின்கட்டில் குளியலறை. ஐப்பசி மழை பிடித்த நேரம் பார்த்துச் சாக்கடை அடைத்துக்கொள்கிறது. முற்றத்தில் கழிவுநீர் நிற்க, ஓதம் தறிக்குழி வரை ஏறுகிறது. குழியில் கால் வைக்க முடியாத நெசவாளிக்கு அன்று வேலை கிடையாது, கூலியும் கிடையாது. அப்போதும் நீ முணுமுணுக்கிறாய்: "வாடகை வீடுதானே! ஓனரிடம் கேட்டால் காலி பண்ணச் சொல்வார்."

துப்பு அந்தச் சொல்லை! மாதம் பிறந்தால் வாடகையை எண்ணி வைக்கிறாய். அட்வான்ஸ் கொடுத்திருக்கிறாய். யாருடைய தயவிலும் நீ குடியிருக்கவில்லை. பாவில் ஓர் இழை அறுந்தால் முடிச்சுப் போடாமல் அடுத்த நாடாவை எறிவாயா? பிறகு சாக்கடையை மட்டும் ஏன் நாள் கணக்கில் பார்த்துக்கொண்டு நிற்கிறாய்?

தமிழ்நாட்டில் வீட்டுக்காரர், குடியிருப்பவர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் வகுக்கும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம், 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. அதன் இரண்டாம் அட்டவணையைப் படி. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாதவரை, வடிகாலைச் சுத்தம் செய்வதும் குழாய் வாஷர் மாற்றுவதும் உன் பொறுப்பு. தேவைப்பட்டால் குழாய்களையே மாற்றுவதும், கட்டடத்தின் பெரிய பழுதுகளைப் பார்ப்பதும் ஓனர் பொறுப்பு. ஆக, முதல் அடி நீ எடுத்து வைக்க வேண்டியது. கசக்கிறதா? எனக்கு இனிக்கிறது. உன் பங்கை முடித்துவிட்டால், மறுபங்கைக் கேட்க உன் குரலுக்கு வலு வந்துவிடுகிறதே!

எழுந்திரு. சிங்க்கில் மட்டும் தண்ணீர் தேங்கினால் அடைப்பு பக்கத்தில்தான்: எண்ணெய்ப் பிசுக்கு, சோற்றுப் பருக்கை, காப்பித்தூள். குளியலறை என்றால் தலைமுடியும் அறுந்த நூலும். சல்லடையைக் கழற்று, கையுறை போட்டு அள்ளு, ரப்பர் பம்பால் அழுத்து. ஆசிட் பாட்டிலைத் தேடி ஓடாதே. வீட்டின் எல்லாத் துளைகளிலும் ஒரே நேரத்தில் தண்ணீர் எதிர்த்து வந்தால் சேம்பரைத் திறந்து பார். அது நிரம்பியிருந்தால் அடைப்பு அதற்கும் அப்பால். தெருவில் போகும் பாதாளச் சாக்கடைக் குழாய் என்றால் அது மாநகராட்சியின் வேலை. காஞ்சிபுரம் 2021-இல் மாநகராட்சி ஆன ஊர். புகார் கொடு, புகார் எண்ணைக் கேட்டு வாங்கு. வைகாசி கருடசேவைக்கு உறவுக்கூட்டம் வந்து இறங்கிய பிறகு விழித்துக்கொள்வதில் என்ன வீரம்!

ஒன்றில் மட்டும் கறாராக இரு. மேன்ஹோலுக்குள்ளோ செப்டிக் டேங்குக்குள்ளோ எந்த மனிதனையும் இறக்காதே. 2013-ஆம் ஆண்டின் சட்டம் அதைத் தடை செய்கிறது. சாக்கடைக்குள் இறந்தவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் தீர்ப்பளித்தது. அந்தக் குழிக்குள் இருக்கும் வாயு ஒருவனைக் கூப்பாடு போடக்கூட விடாது. இன்னொருவன் உயிரைப் பணயம் வைத்து உன் முற்றம் காய வேண்டாம். இயந்திரம் வரட்டும், தாமதமானால் ஆகட்டும்.

பிளம்பர் வந்து, "குழாயே நொறுங்கிக் கிடக்கிறது" என்கிறாரா? இப்போது ஓனர் முறை. சண்டைக்குப் போகாதே, கெஞ்சவும் செய்யாதே. படம் எடு. செலவு மதிப்பை எழுதி வாங்கு. "ஐயா, குழாய் மாற்ற வேண்டும், இன்ன தேதிக்குள் செய்து கொடுங்கள்" என்று எழுத்தில் அனுப்பு. மறுத்தால் நீயே செய்து வாடகையில் கழித்துக்கொள்ள அந்த 2017-ஆம் ஆண்டுச் சட்டமே வழி விடுகிறது; ரசீதுகளைப் பத்திரமாக வை. ஆத்திரத்தில் தண்ணீரையோ மின்சாரத்தையோ அவர் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத வாடகை அதிகாரி இருக்கிறார். அவர் முன் மனுவோடு நிமிர்ந்து நில்.

இத்தனைக்கும் அடித்தளம் எழுத்தில் உள்ள ஒப்பந்தம். வாய்ப் பேச்சை நம்பிக் குடியேறியிருந்தால் இந்த மாத வாடகையைக் கொடுக்கும்போதே கேள்: "ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்துகொள்ளலாம், ஐயா!"