மஹாராஜர் சொன்ன வார்த்தையும் பெருமாள் அறிந்த நெஞ்சும்



சக்கரவர்த்தித் திருமகனுக்கும் ஸுக்ரீவ மஹாராஜருக்கும் தோழமை ஏற்பட்டது, திருவடி மூட்டிய அக்நியின் ஸந்நிதியிலே. ஆயினும் அக்நி ஸாக்ஷியாக நின்றதேயன்றி, ஒருவர் நெஞ்சை மற்றவருக்குத் திறந்து காட்டிவிடவில்லை. மஹாராஜர் பெருமாளையே சோதித்துப் பார்த்தார். துந்துபியின் எலும்புக்கூட்டைத் திருவடிக் கட்டைவிரலால் பத்து யோஜனை தூரம் எறிந்து காட்டியும், வாலி எறிந்த நாளில் அது மாம்ஸத்தோடு கனத்திருந்தது, இன்று உலர்ந்து கிடக்கிறதே என்றார். பெருமாள் சீறவில்லை. தமையனிடம் அடிபட்டுத் திசையெல்லாம் ஓடியவனுடைய அச்சமன்றோ இவ்வாறு பேசுகிறது என்று திருவுள்ளம் பற்றி, ஏழு மராமரங்களையும் ஓரம்பினால் துளைத்தருளினார். (பிற்பாடு கார்காலம் கழிந்தும் மஹாராஜர் வாராதபோது பெருமாளுக்கும் கோபம் வந்தது என்பதை மறைக்க வேண்டுவதில்லை. ரிஷி அதையும் பாடியே வைத்திருக்கிறார்.)

இத்தோழமையின் ஆழம் தெரிவது கடற்கரையிலே. யுத்த காண்டம் 17, 18-ஆம் ஸர்கங்களில். ஸ்ரீ விபீஷணாழ்வான் நால்வரோடு வந்து ஆகாயத்தில் நிற்கிறார். இவனைக் கொல்ல வேண்டும் என்கிறார் மஹாராஜர். ஆபத்துக் காலத்தில் உடன்பிறந்தவனை விட்டு வந்தவன் வேறு யாரைத்தான் விடமாட்டான் என்பது அவர் கேள்வி.

கேட்கிறவர் யார்? தமையன் வாலியைப் பெருமாளைக் கொண்டு முடித்து, அரசும் பெற்றவர்! 'நீர் செய்தது என்ன?' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் மஹாராஜர் வாய் அடைத்துப் போயிருக்கும். வாதமும் அங்கேயே முடிந்திருக்கும். பெருமாள் அதைக் கேட்கவில்லை. இளைய பெருமாளை நோக்கிப் புன்முறுவல் பூத்து, சாஸ்த்ரம் கற்றுப் பெரியோர்களை அடிபணிந்தவரல்லாதார் இப்படிப் பேச மாட்டார் என்று மஹாராஜரைக் கொண்டாடினார். உடன்பிறந்தார் எல்லாரும் பரதனாக மாட்டார், தோழர் எல்லாரும் உம்மைப் போலாக மாட்டார் என்றும் ஸாதித்தார். வெளியே கேட்டது குரூரமான சொல். உள்ளே இருந்ததோ, 'என் ஸ்வாமிக்கு என்ன நேருமோ' என்கிற பரிவு. அப்பரிவைப் பெருமாள் கண்டுகொண்டார்.

அது மெய்யான பரிவே என்பதற்குப் பின்னர் 40, 41-ஆம் ஸர்கங்கள் ஸாக்ஷி. ஸுவேல மலையிலிருந்து ராவணனைக் கண்டவுடன் மஹாராஜர் ஒருவரையும் கேளாமல் அவன்மேல் பாய்ந்தார். மீண்டு வந்தவரைப் பெருமாள் அணைத்துக்கொண்டு, உமக்கு ஒன்று நேர்ந்திருந்தால் ஸீதையைப் பெற்றும் எனக்கு என்ன பயன் என்று கடிந்துகொண்டார். உமது தேவியைக் கவர்ந்தவனைக் கண்ணால் கண்டபின் எங்ஙனம் பொறுப்பேன் என்றார் அவர்.

கடற்கரையில் பெருமாள் புறாவின் கதையைச் சொன்னார். சரணமென்று வந்தவனுக்கு அபயம் அளிப்பது தம் வ்ரதம் என்றார். பிறகு வேறொருவரையும் ஏவாமல், வந்தவன் விபீஷணனாயினும் ராவணனேயாயினும் அழைத்து வாரும் என்று மஹாராஜருக்கே நியமனம் தந்தார். சற்றுமுன் கொல்லச் சொன்னவர் இப்போது, தம் அந்தராத்மாவும் இவனைத் தூயவன் என்றே அறிகிறது, இவனும் நமக்கு ஒப்பாகி நம் தோழமையைப் பெறட்டும் என்று விண்ணப்பம் செய்தார்.