திருத்தம் யாருக்காக?

கல்லூரி இரண்டாம் ஆண்டு விடுமுறையில் நண்பர்கள் மூன்று பேரைக் கம்பத்துக்குக் கூட்டிவந்திருந்தேன். சுருளி அருவியில் குளித்துவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். அவ்வா மோர் கொடுத்தபடி ஏதோ கேட்டார். பாதி கன்னடம், பாதி தமிழ். நண்பர்கள் சிரித்துவிட்டார்கள். "அவ்வா, ஒழுங்கா தமிழ்ல பேசு" என்றேன். அதற்குப் பிறகு என் நண்பர்கள் யார் வந்தாலும் அவ்வா வாய் திறக்கவில்லை. ஒரு சிரிப்போடு உள்ளே போய்விடுவார்.

கம்பம் பள்ளத்தாக்கில் இது அதிசயமான வீடு அல்ல. வீட்டில் கன்னடம் பேசுபவர்கள், தெலுங்கு பேசுபவர்கள் இங்கே தலைமுறைகளாக இருக்கிறார்கள். மலை ஏறினால் குமுளியில் மலையாளம். பள்ளிக்கூடம், சந்தை, பேங்க் எல்லாம் தமிழ். வீட்டுப் பேச்சுக்கு எழுத்தும் இல்லை, பாடப்புத்தகமும் இல்லை. அதனால் அதை ஒரு மொழி என்றே நான் நினைத்ததில்லை. கெட்டுப்போன ஏதோ ஒன்று என்றுதான் நினைத்திருந்தேன்.

வேலைக்காக ஜெர்மனி போனபோது, அங்குள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் ஜெர்மன் மொழியியல் வகுப்பில் வெளியாளாகச் சேர்ந்தேன். பட்டம் கிடையாது, உட்கார்ந்து கேட்கலாம். பக்கத்து இருக்கைகளில் பெரும்பாலும் ஓய்வுபெற்றவர்கள். முதல் வாரங்களிலேயே ஒலிமாற்றம் வந்தது. வடக்கே 'ஆப்பெல்', தெற்கே 'அப்ஃபெல்'. இரண்டும் ஆப்பிள்தான். வடக்கே 'மாக்கென்' என்பதைத் தெற்கே 'மாஹென்' என்கிறார்கள். பகரமும் ககரமும் தெற்கே போகப் போக மூச்சொலியாகின்றன. பழைய வடிவம் வடக்கில்தான் இருக்கிறது. ஆனால் பள்ளியில் சரி என்று சொல்லித்தருவது மாறிய வடிவத்தை.

நோட்டின் ஓரத்தில் எழுதிப் பார்த்தேன்: பால், ஹாலு. புலி, ஹுலி. பல், ஹல்லு. பொன், ஹொன்னு. தமிழில் பகரம் நிற்கும் இடத்தில் கன்னடத்தில் ஹகரம். பழைய கன்னடத்திலும் அது பகரமாகத்தான் இருந்தது. நான் கெட்டுப்போனது என்று நினைத்த பேச்சுக்குள் இவ்வளவு ஒழுங்கு இருந்திருக்கிறது.

அந்த வகுப்பில்தான் கியோர்க் வெங்கரைப் பற்றிக் கேள்விப்பட்டேன். 1876இல் அவர் சில வாக்கியங்களை ஊர் ஊராகப் பள்ளி ஆசிரியர்களுக்கு அனுப்பி, உங்கள் ஊர்ப் பேச்சில் எழுதித் தாருங்கள் என்று கேட்டார். பின்னர் அது 40 வாக்கியங்களாக நிலைபெற்றது. 40,000க்கும் மேற்பட்ட ஊர்களிலிருந்து பதில்கள் சேர்ந்தன. அவற்றிலிருந்து மார்பர்க்கில் ஜெர்மன் வட்டார வழக்குகளின் வரைபடம் உருவானது. என்னை நிறுத்தியது ஒரு விஷயம்: அவர் கேட்டது ஆசிரியர்களிடம். பிள்ளைகளின் பேச்சைத் திருத்துவதே வேலையாக இருந்தவர்களிடம், ஒரே ஒருமுறை திருத்தாமல் கேளுங்கள் என்றிருக்கிறார்.

அப்படியானால் திருத்துவதே தவறா? என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை. மொழியியல், எல்லாப் பேச்சும் சமம் என்கிறது. பேங்க் படிவமும் வேலைக்கான நேர்காணலும் அப்படிச் சொல்வதில்லை. என் தமிழைத் திருத்திய ஆசிரியர் இல்லாவிட்டால் இந்தக் கட்டுரை இல்லை. என் ஜெர்மனைத் திருத்திய முதியவர்களுக்கும் நான் கடன்பட்டவன். அவர்கள் திருத்தியபோது எனக்கு ஏதோ கிடைத்தது.

அவ்வாவுக்கு என்ன கிடைத்தது? எழுபது வயதில் அவர் எந்த நேர்காணலுக்கும் போகவில்லை. அந்தத் திருத்தம் எனக்காக, என் மானத்துக்காக. திருத்தப்படுபவருக்கு ஒரு கதவு திறந்தால் அது கல்வி. திருத்துபவரின் கூச்சம் மட்டும் குறைந்தால், அதற்குக் கல்வி என்று பெயரில்லை. இது புரிந்தபோது அவ்வா இல்லை. வரைபடம் போடுவதும் பரிகாரம் ஆகாது. அட்டவணையில் ஏறியதால் ஒரு பேச்சு வீட்டில் வாழ்ந்துவிடாது.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது வெங்கரின் வாக்கியங்களைத் தமிழில் எழுதிக்கொண்டு அம்மாவிடம் உட்கார்ந்தேன். இரவில் விழுந்த பனி தரையில் தங்கி, காலையில் உருகிவிட்டது என்று ஒன்று உண்டு. "பனி எங்கடா தரையில தங்கும்?" என்று சிரித்தார். பிறகு சொல்ல ஆரம்பித்தார், தமிழில். "வீட்ல பேசுற மாதிரி சொல்லும்மா" என்றேன்.

"தப்பா இருந்தா சொல்லுடா" என்றார்.

நான் பேனாவை எடுத்துக்கொண்டேன்.