கிளட்சின் தர்மம்

உலக வியாபாரங்களில் முழுமையாக ஈடுபட்டுக்கொண்டே உள்ளத்தில் ஒட்டாமல் இருப்பது மனிதனுக்குச் சாத்தியமா என்ற வினா நம் தேசத்தில் மிகப் புராதனமானது. சந்நியாசமே மார்க்கம் என்றவர்களும், கர்மத்தைக் கைவிடாத யோகமே மேலானது என்றவர்களும் எத்தனையோ நூற்றாண்டுகளாக வாதித்து வந்திருக்கிறார்கள். நாள்தோறும் கடைத்தெருவில் ஊர்ந்து, விடுமுறை நாளில் பந்தயத் தளத்தில் சீறிப் பாய வேண்டிய ஒரு காருக்குத் தக்க கிளட்சைத் தேர்ந்தெடுக்கும் காரியம், அந்தப் பழைய வாதத்துக்கு நல்ல வெளிச்சம் தருகிறது என்பது என் திடமான அபிப்பிராயம்.

கடோபநிஷத்து சரீரத்தை ரதமாகவும், புத்தியைச் சாரதியாகவும், மனத்தைக் கடிவாளமாகவும், இந்திரியங்களைக் குதிரைகளாகவும் வர்ணித்தது. அந்த ரதத்துக்குக் கிளட்ச் வேண்டியிருக்கவில்லை. ஏனெனில் குதிரை, நின்ற நிலையிலிருந்தே தன் பலத்தைச் சிறுகச் சிறுகச் செலுத்த வல்லது. பெட்ரோல் இன்ஜினுக்கோ சுழன்றுகொண்டிருக்கும்போதுதான் பலம். நின்றுவிட்டால் அது வெறும் இரும்பு. ஓயாமல் சுழலும் இன்ஜினையும் அசையாமல் நிற்கும் சக்கரத்தையும் ஒரே கணத்தில் பிணைத்தால், ஒன்று இன்ஜின் அணைந்துபோகும், அல்லது ஏதேனும் ஒரு பாகம் முறியும். இரண்டுக்கும் நடுவில் நின்று, சிறிது வழுக்கி, அந்த வழுக்கலின் உஷ்ணத்தைத் தானே ஏற்று, இரண்டின் வேகமும் சமமான பிறகு இறுகப் பற்றிக்கொள்வதே கிளட்ச் பிளேட்டின் தொழில்.

இன்ஜினைப் பலமடங்கு பலப்படுத்தியவர் முதலில் காண்பது, பழைய கிளட்ச் தாங்காமல் வழுக்குவதைத்தான். இன்ஜின் அலறும், கார் முன்னேறாது. தாங்கும் திறனோ பிரஷர் பிளேட் அழுத்தும் விசை, உராய்வுப் பொருளின் தன்மை, பிளேட்டின் விட்டம், உராயும் முகங்களின் எண்ணிக்கை ஆகிய நான்கையும் பொறுத்தது. ஸ்பிரிங்கை மட்டும் கடுமையாக்கினால் பெடலை மிதித்து மிதித்துக் கால் ஓய்ந்துபோகும். நார்ப்பொருள் ஒட்டிய பிளேட் மிருதுவாகப் பிடிக்கும். ஆனால் அளவுமீறிச் சூடேறினால் பிடியை இழக்கும். உலோகத் தூளை அழுத்திச் சுட்டுச் செய்த பிளேட் கடுஞ்சூட்டிலும் தளராது. ஆயினும் மெல்லப் பிடிக்க அது அறியாததால், நெரிசலில் வண்டியை உதறி உதறித் தள்ளும், பிளைவீலையும் விரைவில் தேய்த்துவிடும். இரட்டை பிளேட் கிளட்சில் உராயும் முகங்கள் இரண்டுக்குப் பதில் நான்கு. ஆகவே அதே அழுத்தத்தில் இருமடங்கு தாங்கும், மிருதுவான பொருளையே வைத்துக்கொள்ளவும் இடமுண்டு. செலவு கூடினாலும், தெருவுக்கும் பந்தயத்துக்கும் ஒருங்கே உழைக்க வேண்டிய வண்டிக்கு அதுவே உத்தமம்.

பந்தயத்துக்கென்றே பிறந்த வண்டிகளின் கதை வேறு. அமெரிக்காவின் டாப் ஃபியூல் வண்டிகளில், பல பிளேட்கள் அடுக்கிய கிளட்சைத் தொடக்கத்தில் வேண்டுமென்றே வழுக்கவிட்டு, ஓட்டத்தின் போக்கில் படிப்படியாக இறுகச் செய்கிறார்கள். 1,000 அடி தூரத்தை 4 விநாடிக்கும் குறைவான நேரத்தில் கடந்தவுடன், வெந்துபோன பிளேட்களைக் கழற்றிப் புதியவற்றைப் பூட்டுகிறார்கள். ஒரே லட்சியத்துக்காகத் தன்னை எரித்துக்கொள்ளும் அந்த வாழ்வு தபஸ்வியின் வாழ்வு. முன்பு சோழவரத்தின் பழைய விமான ஓடுபாதையிலும், 1990 முதல் இருங்காட்டுக்கோட்டைத் தளத்திலும் வேகத்தை நாடிச் சென்ற நம்மவரைப் போன்ற ஆர்வலனோ, திங்கட்கிழமை காலை உத்தியோகத்துக்கும் போக வேண்டியவன். அவன் கிருகஸ்தன், தபஸ்விக்குரிய கிளட்ச் அவனுக்கு ஆகாது.

இந்தக் கிருகஸ்த தர்மத்தை விளங்கிக்கொள்ளப் பந்தயத் தளம் வரை போக வேண்டியதில்லை. வெண்ணாறு மூன்றாகப் பிரியும் நீடாமங்கலத்துத் தலைப்பைச் சுற்றிய வயல்களில், சம்பா நடவுக்குச் சேறடிக்கும் டிராக்டரைப் பார்த்தாலே போதும். இரட்டை கிளட்ச் உள்ள டிராக்டரில் பெடலைப் பாதி மிதித்தால் சக்கரம் நிற்கும், ரொட்டாவேட்டர் மட்டும் சுழன்றுகொண்டேயிருக்கும். முழுதும் மிதித்தால் இரண்டும் நிற்கும். அந்தப் பெடலின் மீது எந்நேரமும் காலை வைத்தபடியே ஓட்டும் பழக்கம் உடையவரின் வண்டியில் சில நாட்களில் கருகல் நாற்றம் எழும். மெக்கானிக் பிரித்துப் பார்த்தால், பிளேட் கரியாகியிருக்கும், பிளைவீலின் முகத்தில் நீலத் திட்டுக்கள் படர்ந்திருக்கும். “பாரத்தால போகல, அரை கிளட்ச்சுல போயிருக்கு” என்பார் அவர்.

அந்தச் சொல்லில் ஒரு சாஸ்திரமே அடங்கியிருக்கிறது. முழுப் பிடியில் நிற்கும் பிளேட், தன் சக்திக்கு உட்பட்ட எத்தனை பாரத்தை இழுத்தாலும் தேய்வதில்லை. முழுதும் விடுபட்டு நிற்கும் பிளேட்டும் தேய்வதில்லை. தேய்வதெல்லாம் இரண்டுக்கும் இடைப்பட்ட நிலையில்தான். இணையும் தருணத்தில் அந்த இடைநிலை இன்றியமையாதது. ஆனால் அதிலேயே தங்கிவிடுவதுதான் நாசத்துக்கு ஹேது. குடும்பத்திலும் தொழிலிலும் பக்தியிலும் நம்மை எரிப்பது நாம் சுமக்கும் பாரமன்று. பற்றவும் துணியாமல், விடவும் மனமில்லாமல், காலைப் பெடலிலேயே வைத்திருக்கும் நம் சஞ்சலமே. பற்றின்மை என்பது பிடியின் தளர்ச்சி அல்ல; வேண்டிய கணத்தில் மிச்சமின்றி விடும் ஆற்றலே அது. ஆதலால் ஈடுபாடும் துறவும் ஒன்றுக்கொன்று விரோதமானவை அல்ல. ஒரே உறுப்பின் இரு கடமைகள்.

கிளட்ச் வாங்கப் போகும் இளைஞருக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான்: எது மிகக் கடுமையாகக் கடிக்கும் என்று கேட்காதீர்கள், உங்கள் இன்ஜினின் பலத்தை எது முழுதாகத் தாங்கும், பெடலை மிதித்தவுடன் எது முழுதாக விடும் என்று கேளுங்கள். வாங்கிப் பூட்டிய பின் பெடலில் காலை வைத்துக்கொண்டு ஓட்டாதீர்கள்.